எண்டோஸ்கோப் வழியாக சைனஸ் ஆபரேஷன் செய்துகொண்டால் திரும்ப வருமா?

வரலாம். ஆனாலும் நான் செய்துகொண்டதற்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

இதைக் கேட்கிறீர்கள் என்றால், இரண்டு தலையணை வைத்து வாயைத் திறந்தபடி தூங்குகிறவராகத்தான் இருப்பீர்கள். தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த நானும் ஏழு வருடம் அப்படித்தான் தூங்கினேன். தூசி, குளிர், காலி மனையெல்லாம் அலர்ஜியைக் கிளப்பும் பார்த்தீனியம் செடி. அம்மா வரும்போதெல்லாம் நொச்சி இலை கொண்டுவருவார். ஆவி பிடித்தால் அன்றைய ராத்திரி ஓடிவிடும், அவ்வளவுதான். கைவைத்தியத்தைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், என் மூக்கில் சதை வளர்ந்திருந்தது. மருந்துக் கடையில் நானாக வாங்கிய சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டதுதான் பெரிய தவறு. சில நாளுக்கு மேல் விட்டால் அதுவே மூக்கை அடைக்கும்.

வாசனையே தெரியாமல் போயிற்று. அடுப்பில் பால் தீய்ந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டிச் சொன்னார். அன்றைக்குத்தான் பயந்தேன்.

மூன்று மாதம் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, உப்புத் தண்ணீர்க் கழுவல். அப்புறம் சிடி ஸ்கேன். காற்று இருந்தால் கறுப்பாகத் தெரிய வேண்டிய சைனஸ், அதாவது கன்னத்து எலும்புக்குள் இருக்கும் அறைகள், சாம்பலாக இருந்தன. முழு மயக்கம் கொடுத்து, எண்டோஸ்கோப் என்கிற 4 மில்லிமீட்டர் கேமராக் குழாயை மூக்குத் துவாரம் வழியாகவே விட்டு, சதையை எடுத்து, சைனஸின் வாசலை அகலமாக்கினார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் வீடு. இரண்டு வாரம் மூக்குச் சிந்தக் கூடாது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து, பால் பொங்கியதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். அடுப்படியிலேயே நின்று அழுதேன்.

ஆபரேஷன் வாசலைத் திறக்கும், அலர்ஜியை எடுக்காது. இரண்டாம் வருடம் கழுவுவதை விட்டேன், சின்னதாகச் சதை மறுபடி வந்தது. ஸ்ப்ரேயில் அடங்கிவிட்டது. இப்போது தினமும் கழுவுகிறேன். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான், குழாய்த் தண்ணீரை மூக்கில் விடவே கூடாது.

ஆனால் எனக்கு இன்னும் ஆறாதது இன்ஷூரன்ஸ்தான். சைனஸ் ஆபரேஷனுக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்று பாலிசியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். விற்றவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கு ஐந்து மாதம் குறைந்தது. வளையலை அடகு வைத்துத்தான் பில் கட்டினேன். நீங்கள் ஆபரேஷன் தேதி வாங்கும் முன் பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.