ரா பூ-எர் தேநீர் ஏன் இவ்வளவு கசக்கிறது? எப்படிப் போட வேண்டும்?

ரா பூ-எர் என்பது சீனாவின் யுன்னான் மாகாணத்துத் தேயிலை; வேகமாகப் புளிக்க வைக்காமல், பெரும்பாலும் வட்டாக அழுத்தி விற்பார்கள். அதை நம் வீட்டுத் தேயிலைத்தூள் மாதிரி நாலைந்து நிமிடம் ஊறவிட்டிருப்பீர்கள். அப்படிச் செய்தால் பெரும்பாலான ரா பூ-எரும் வாயில் வைக்க முடியாதபடி கசக்கும்.

வேலை நிமித்தமாகச் சீனாவின் குன்மிங்கில் இருந்தபோது, தேயிலைச் சந்தையில் ஒரு கடைக்கார அம்மா போடுவதைப் பார்த்துத்தான் எனக்கு இது பிடிபட்டது. கைவான் என்கிற மூடி போட்ட சின்னப் பீங்கான் கிண்ணம், 100 மில்லி கொள்ளும். தேயிலை வட்டின் ஓரத்தில் ஊசியைச் செருகி, இலை நொறுங்காமல் அடுக்காகப் பெயர்த்து 7 கிராம் எடுத்தார். கொதிநீரை ஊற்றி உடனே கொட்டினார். அது இலையை நனைக்க மட்டும். மறுபடி ஊற்றி, மூடியை லேசாகச் சாய்த்து ஐந்தாறு நொடியில் வடித்துவிட்டார். இளமஞ்சள் நிறம். நாக்கில் பட்டதும் கசந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விழுங்கியதும், நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த மாதிரி தொண்டையிலிருந்து ஒரு இனிப்பு ஏறியது. அங்கே இதற்கு ஹுய்கான் என்று பெயர். இந்த இனிப்புக்காகத்தான் இதைக் குடிக்கிறோம். ஒவ்வொரு முறையும் சில நொடி கூட்டி, அதே இலையில் பத்துத் தடவைக்கு மேல் வடிக்கலாம்.

80 டிகிரிக்கு ஆறவைத்து ஊற்றச் சொல்பவர்கள் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். கிரீன் டீக்கு அது சரி. இது யுன்னானின் பெரிய இலை, வெயிலில் காய்ந்தது; ஆறின நீரில் மணம் எழும்பாது. குன்மிங் 1,900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே 94 டிகிரியிலேயே நீர் கொதித்துவிடும். உங்கள் ஊரில் அதைவிடச் சூடு கூடும். கசப்பு மிஞ்சினால் இலையை 5 கிராமாகக் குறையுங்கள். யுன்னானிலேயே புலாங் மலை இலை இயல்பிலேயே கசப்பு தூக்கல். யிவூ பகுதி இலை சாது, முதலில் அதை வாங்கிப் பாருங்கள்.

அப்புறம், வாங்கும்போது கவனம். ஊர் திரும்பியபின் ஒரு இணையக் கடையில் ரா கேட்டேன், ஷோ அனுப்பினார்கள். ஈரக் குவியலாகப் போட்டு வேகமாகப் புளிக்க வைக்கும், 1970களில் வந்த வகை அது. கஷாயம் கருஞ்சிவப்பாக இறங்கும். படம் எடுத்து அனுப்பியும் பணம் வரவில்லை. "எடை குறைய இரண்டும் ஒன்றுதான் சார்" என்று பதில் வந்தது. எடை குறைக்க நான் எப்போது கேட்டேன்?