போர் தண்ணீர் வீட்டுக்கு எந்த கீசர் வாங்கலாம்?

கீசர் இரண்டு வகை. ஸ்டோரேஜ், தொட்டியில் நீரைச் சூடாக்கி வைத்திருக்கும். இன்ஸ்டன்ட், ஓடும் நீரையே சூடாக்கும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.7 லிட்டர் நீரைத்தான் 25 டிகிரி சூடேற்ற முடியும். குழாயை வேகமாகத் திறந்தால் வெதுவெதுப்புதான் வரும். சமையலறைக்கு அது போதும். நான்கு பேர் குளிக்க 15 அல்லது 25 லிட்டர் ஸ்டோரேஜ் வாங்குங்கள்.

மதுரைப் பக்கம் பெரிய தொல்லை உப்புத் தண்ணீர். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு படியுமே, அதேதான் கீசரில் நீரைச் சூடாக்கும் பாகமான எலிமென்ட்டிலும் படிகிறது. நீர் சூடாகும்போது அதில் கரைந்த கால்சியம் சுண்ணாம்பாகப் பிரிவதே காரணம். படிவு தடித்தால் வெப்பம் நீருக்குப் போகாமல் எலிமென்ட்டுக்குள்ளேயே தங்கி, கடைசியில் அது எரிந்துவிடும். உப்புத் தண்ணீர் தொட்டியையும் துருப்பிடிக்க வைக்கும், அதனால் உள்ளே கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டியாகக் கேளுங்கள். உள்ளே மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். துருவைத் தானே வாங்கிக்கொண்டு கரைந்து, தொட்டியைக் காக்கும். அது கரைந்து தீர்ந்தபின் தொட்டி ஓட்டையாகும். வருடம் ஒருமுறை திறந்து கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள், எலிமென்ட்டையும் சுரண்டச் சொல்லுங்கள். சூட்டை 50 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்தால் படிவு குறையும்.

16 ஆம்பியர் பிளக், எர்த் இரண்டும் கட்டாயம்.

ஐந்து நட்சத்திரம் என்றால் சீக்கிரம் சூடாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டோரேஜ் கீசரில் அது, தேங்கிய நீரின் சூடு எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதற்கான அளவு.