பின்னர், முன்னர்

வணக்கம் ஐயா,

போலந்து ராக் இசையைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதை வாசித்துவிட்டு, ரிவர்சைட் குழுவின் ‘வேஸ்ட்லாண்ட்’ ஆல்பத்தை அலுவலகப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் ஒரு வாரம் கேட்டேன். வழக்கம்போல, பாடல்களின் வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிளில் போட்டுத்தான் கேட்டேன். சில பாடல்கள் மிகவும் பிடித்தன. ஆனால் மொத்தமாக ஒன்றும் திரண்டு வரவில்லை, எல்லாம் உதிரியாகவே நின்றன. அதன் கதை என்ன? புரோகிரஸிவ் ராக் எனும் இந்த நீண்ட, சிக்கலான இசைவகை முடிந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா? போலந்துக்காரர்கள் ஏன் ஆங்கிலத்தில் பாடுகிறார்கள்? நான் தொடங்குவதற்கு ஐந்து ஆல்பங்கள் சொல்வீர்களா?

தங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

பழைய குறுந்தகடுகளை ஒழித்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. பெட்டியின் அடியில், உறைக்குப் பதிலாகக் கோடு போட்ட தாளில் மடித்து வைத்த ஒரு தகடு கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயத்தைத்தான் நீங்கள் அறியாமல் தொட்டிருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் கேள்விகள். புரோகிரஸிவ் ராக் முடிந்துவிட்டதா என்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 1994இல் ‘மூன்ஷைன்’ ஆல்பத்தைத் தந்த போலந்தின் கொலாஜ் குழு 2022இல் ‘ஓவர் அண்ட் அவுட்’ என்று திரும்பி வந்தது. ரிவர்சைட் 2023இல் ‘ஐடி.என்டிட்டி’யை வெளியிட்டது. கேட்பவர்கள் இருக்கும்வரை செய்பவர்களும் இருப்பார்கள். ஆங்கிலத்தில் பாடுவது அவர்கள் விருப்பம். ஐந்து ஆல்பங்களின் பட்டியலை எவரும் தருவார்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

ஆனால் ‘ஷஃபிளில் போட்டுக் கேட்டேன், திரண்டு வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. ஒரு நாவலின் அத்தியாயங்களைக் கிழித்துக் கலைத்து வைத்து வாசித்துவிட்டு, கதை புரியவில்லை என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவீர்களா? நீங்கள் கேட்ட ஆல்பத்தின் முதல் பாடலின் பெயரையும் கடைசிப் பாடலின் பெயரையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்திருந்தால் போதும். முதல் பாடல் ‘தி டே ஆஃப்டர்’, கடைசிப் பாடல் ‘தி நைட் பிஃபோர்’. மறுநாளில் தொடங்கி முந்தைய இரவில் முடிகிறது. முதலில் இரண்டு நிமிடம்கூட நீளாத ஒரு பாடலில் குழுவின் பாடகர் மாரியுஸ் தூதாவின் குரல் ஏறக்குறையத் தனியாக நிற்கிறது; முடிவில் பியானோவும் அந்தக் குரலும் மட்டும் இருக்கின்றன. அழிவுக்குப் பிந்தைய உலகம் இடையிலுள்ள பாடல்களில் வருகிறது. நீங்கள் கேட்கும் ‘கதை’ இதற்கு மேல் இல்லை, தேவையுமில்லை. ஒரே கருவைச் சுற்றி அமைந்த கான்செப்ட் ஆல்பம் என்றாலே ஒரு கதைச்சுருக்கம் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை எங்கிருந்து பிடித்தீர்கள் என்று தெரியவில்லை. எந்தப் பாடலுக்குப் பின் எந்தப் பாடல் என்பதுதான் அங்கே பொருளைச் சுமக்கிறது.

நான் இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் அந்தத் தகடு. 2007இல் ஒரு நண்பர் ரிவர்சைட்டின் ‘செகண்ட் லைஃப் சிண்ட்ரோம்’ ஆல்பத்தை எம்பி3 கோப்புகளாகப் பதிந்து எனக்குக் கொடுத்தார். கோப்புப் பெயர்களில் எண்கள் இல்லாததால் எல்லாம் ஆங்கில அகரவரிசையில் அடுக்கிக்கொண்டன. அவரும் அதே வரிசையை நீலப் பேனாவால் தாளில் எழுதி, ஒன்று முதல் ஒன்பதுவரை எண் போட்டுத் தந்தார். ‘ஆஃப்டர்’, ‘ஆர்ட்டிஃபிஷியல் ஸ்மைல்’, ‘பிஃபோர்’ என்று அந்தத் தாள் தொடங்கும். இரண்டு ஆண்டுகள் நான் அந்த வரிசையில்தான் கேட்டேன். மிக நேசித்துக் கேட்டேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. மூன்றாவதாக வந்த ‘பிஃபோர்’ எனக்கு நடுவில் வரும் ஒரு நிதானமான பாடல், அவ்வளவுதான்.

பிறகு அசல் தகடு கைக்கு வந்தபோது, பின்னட்டையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பாடல்களில் முதலாவதும் ஆறாவதும் ஏழாவதும் மட்டுமே என்னிடம் தம் இடத்தில் இருந்தன. ‘பின்னர்’ என்ற பொருள் தரும் ‘ஆஃப்டர்’ தொடக்கம் என்பது எனக்குத் தெரியும். ‘முன்னர்’ என்ற பொருள் தரும் ‘பிஃபோர்’ முடிவு என்பது தெரியாது. அன்றிரவு சரியான வரிசையில் கேட்டேன். பதினைந்து நிமிடத்துக்கும் மேல் நீளும் தலைப்புப் பாடலையும் ‘டான்ஸ் வித் தி ஷாடோ’வின் பதினோரு நிமிடத்தையும் கடந்து வந்தபின் அந்தக் கடைசிப் பாடல் தொடங்கியபோது, நூறு முறை கேட்ட அதே பாடல் எனக்கு முற்றிலும் புதிதாக இருந்தது. பிரிவுக்குப் பிறகு தொடங்கி, மெல்ல மெல்லப் பிரிவுக்கு முந்தைய இடத்துக்குத் திரும்பும் ஒரு மனத்தோடு அதுவரை நான் நடந்து வந்திருந்தேன். ஆனால் காது எளிதில் திருந்துவதில்லை. இன்றும் ‘ஆஃப்டர்’ முடியும் கணத்தில் ‘வோல்ட்-ஃபேஸ்’ வருமுன், தவறான வரிசையில் வந்த ‘ஆர்ட்டிஃபிஷியல் ஸ்மைல்’ பாடலின் தொடக்கம் எனக்குள் ஒரு நொடி ஒலித்து அடங்குகிறது.

2005இல் வந்த அந்த ஆல்பம், ‘ரியாலிட்டி ட்ரீம்’ என்று அழைக்கப்படும் மூன்று ஆல்பங்களின் நடுப்பகுதி. 2003இன் ‘அவுட் ஆஃப் மைசெல்ஃப்’ முதலாவது, 2007இன் ‘ரேபிட் ஐ மூவ்மெண்ட்’ மூன்றாவது. அதே பெயருள்ள வாத்தியப் பாடலின் முதலிரண்டு பகுதிகள் முதல் ஆல்பத்தில் இருக்கின்றன, மூன்றாவது பகுதி இரண்டாவதில் வருகிறது. ஆல்பத்தைத் தாண்டியும் வரிசை நீளும் இசை இது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2018இல், ‘வேஸ்ட்லாண்ட்’ செய்யும்போது அவர்கள் மறுபடியும் பின்னரில் தொடங்கி முன்னரில் முடித்தார்கள். இடையில், 2016 பிப்ரவரியில், கிட்டார் கலைஞர் பியோத்ர் குருஜின்ஸ்கி நாற்பதாவது வயதில் திடீரென இறந்துபோனார். ‘வேஸ்ட்லாண்ட்’ அவர் இல்லாமல் மூவராகச் செய்த ஆல்பம். நீங்கள் பேருந்தில் கலைத்துப்போட்டது எதை என்று இப்போது தெரிகிறதா?

ஆல்பத்தை முழுமையான ஒன்றாகக் கருதும் இந்த வழக்கம் ரிவர்சைட்டோடு தொடங்கியதும் அல்ல. போலந்துப் பாடகர் செஸ்வாஃப் நியெமென் 1970இன் ‘எனிக்மாட்டிக்’ இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதையும் ஒரே படைப்புக்குக் கொடுத்தார். போலந்துத் தளபதி ஜெனரல் யூசெஃப் பெமின் நினைவாகக் கவிஞர் சிப்ரியான் நோர்வித் எழுதிய இரங்கல் கவிதைக்கு ஹாமண்ட் ஆர்கனும் சேர்ந்திசைக் குழுவுமாக அமைந்த பதினாறு நிமிட இசை அது. அந்தக் கவிதையின் சவ ஊர்வலம் குழிக்கருகே வந்து நின்றுவிடாமல் அதைக் கடந்து மேலும் மேலும் போகிறது. அதைப் பாதியில் வெட்டிக் கேட்க முடியாது. போலந்து வானொலியின் மூன்றாம் அலைவரிசையில் பியோத்ர் காச்கோவ்ஸ்கி ‘மினிமாக்ஸ்’ என்ற இசை நிகழ்ச்சியை நடத்தினார். குறைந்த பேச்சு, நிறைந்த இசை என்பதே அந்தப் பெயரின் பொருள். மேற்கத்திய இசைத்தட்டுகள் எளிதில் கிடைக்காத அன்றைய போலந்தில், வானொலியில் முழுதாக ஒலித்த ஆல்பங்களை மக்கள் டேப்பில் பதிந்து வைத்துக்கொண்டார்கள். அப்படிப் பதிந்தவர்கள் வரிசையையும் சேர்த்தே மனப்பாடம் செய்தார்கள். அவர்களுக்கு அடுத்து வந்தவர்களுக்கு ஓர் ஆல்பம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்ற உணர்வு இத்தனை கூர்மையாக இருப்பது எனக்கு வியப்பளிக்கவில்லை.

ஒரு வாரம் தொடர்ந்து கேட்டிருக்கிறீர்கள், உதிரியாக இருக்கிறதே என்று உறுத்தலும் பட்டிருக்கிறீர்கள். அந்த உறுத்தல் சரியானது, உங்கள் காது நல்ல காது. நான் அதே தவறை இரண்டு ஆண்டுகள் செய்தும் ஒரு குறையும் உணரவில்லை. பேருந்து வேண்டாம். ஐம்பது நிமிடம் யாரும் கூப்பிடாத ஓர் இரவில் ஷஃபிளை அணைத்துவிட்டு ‘தி டே ஆஃப்டர்’ முதல் ‘தி நைட் பிஃபோர்’ வரை கேளுங்கள். கேட்டபின் எழுதுங்கள், அந்தக் கடைசிப் பாடலைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.