கால் வீக்கத்துக்கு 'ஃப்ரீ சைஸ்' காலுறை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாதம். பட்டர்வொர்த்தில் ஒரு பேரங்காடியில் கேஷியராக இருக்கிறேன். நாள் முழுக்க நின்றபடி வேலை. சாயங்காலம் ஆனால் இரண்டு பாதமும் வீங்கி, சப்பாத்துக்குள் நுழைவதில்லை. 'கர்ப்பிணிகளுக்கான மருத்துவக் காலுறை, ஏழே நாளில் வீக்கம் வற்றும்' என்று இணையத்தில் பார்த்து 189 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். ஃப்ரீ சைஸ்தான். போட்டால் முழங்காலுக்குக் கீழே சுருண்டு இறுக்கி, சிவப்பாகத் தடம் விழுகிறது. திருப்பிக் கொடுக்கிறேன் என்றால், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பதில் வருகிறது. – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, முதலில் அந்தக் காலுறையைக் கழற்றி வையுங்கள். சுருண்ட விளிம்பு கயிறு கட்டியதுபோல் இறுக்கி, கீழே இருக்கும் ரத்தத்தை மேலே ஏறவிடாமல் தடுக்கும். வீக்கம் குறைவதற்குப் பதில் கூடும்.

அடுத்து, பணத்தைப் பற்றி யோசிக்கும் முன் கிளினிக்குக்குப் போய் ரத்த அழுத்தம் பாருங்கள். மாலையில் இரண்டு காலும் சமமாக வீங்கி, படுத்து எழுந்தால் வற்றுவது பெரும்பாலும் இயல்பானது. கர்ப்பத்தில் உடலில் நீரும் ரத்தமும் கூடுகின்றன. வளரும் கருப்பையோ கால்களிலிருந்து ரத்தம் திரும்பும் குழாயை அழுத்துகிறது. ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்கினால், விடாத தலைவலி வந்தால், கண் மங்கினால், வலது விலா எலும்புக்குக் கீழே வலித்தால், அல்லது அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலும் அப்படித்தான். அது ரத்தக்கட்டாக இருக்கலாம்.

இனி உங்கள் 189 ரிங்கிட். கடைக்காரர் ஒட்டிவைக்கும் அறிவிப்பு சட்டத்தை மீற முடியாது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், விற்கும்போது சொன்ன விவரத்தோடு பொருந்த வேண்டும், சொன்ன பயனுக்கும் உதவ வேண்டும். 'நிறம் பிடிக்கவில்லை' என்றால் கடைக்காரருக்குக் கடமை இல்லை. உங்கள் விஷயம் அதுவல்ல. கர்ப்பிணிக்கு என்று சொல்லி விற்ற பொருள் கர்ப்பிணியின் காலுக்குப் பொருந்தவில்லை. அதுவும் 'மருத்துவ' என்ற சொல்லைப் போட்டு, களைத்துப்போன ஒரு பெண்ணிடம் விற்றிருக்கிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் வலிக்கிறது. 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டப்படி, மருத்துவச் சாதனமாக விற்பது பதிவு பெற்றிருக்க வேண்டும். பெட்டியில் பதிவு எண் உண்டா என்று பாருங்கள், இல்லையென்றால் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

விளம்பரம், ரசீது, பணம் கட்டிய பதிவு, காலில் விழுந்த தடம் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். இணைய அங்காடியில் 'பொருள் கிடைத்தது' என்று இன்னும் அழுத்தவில்லையென்றால், அழுத்தாமல் அங்கேயே முறையிடுங்கள். பணம் விற்பனையாளர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் முறையிடுவது சுலபம். அதற்கும் மசியாவிட்டால் 14 நாள் கெடு வைத்து எழுதுங்கள். பிறகு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் இந்த வழி கடினம், அதனால்தான் அங்காடி முறையீட்டை முதலில் சொன்னேன்.

காலுறையே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களைப் போல் நின்று வேலை செய்பவர்களுக்கு நல்ல காலுறை உதவும். டாக்டரிடம் கேட்டுவிட்டு, காலையில் வீங்கும் முன் கணுக்காலையும் கெண்டைக்காலையும் நாடாவால் அளந்து, அந்த அளவுக்கு வாங்குங்கள். அழுத்த அளவு மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். 15–20 என்றால் மிதமானது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே மாட்டுங்கள், இரவில் கழற்றிவிடுங்கள்.

சப்பாத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கர்ப்பத்தில் மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்து, உள்ளங்கால் வளைவு இறங்கி, பாதம் நீளும், அகலும். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் அது பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அதனால் இப்போது ஒரே ஒரு ஜோடி மட்டும் வாங்குங்கள். மாலையில் கடைக்குப் போய், இரண்டு காலிலும் போட்டு நடந்து பாருங்கள். முன்பக்கம் அகலமாக, பட்டை தளர்த்தி இறுக்கக்கூடியதாக, குதி சற்றே உயர்ந்ததாக இருக்கட்டும். தட்டையான ஜப்பான் சிலிப்பர் வேலை நேரத்துக்கு ஆகாது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போடச் சொல்லி மேலாளரிடம் கேளுங்கள். காலைத் தூக்கி வைத்து இடப்பக்கமாகப் படுப்பதற்குக் காசு கிடையாது.

கேள்வி: உள்ளங்காலில் ஒட்டிப் படுத்தால் 'நச்சு நீரை' உறிஞ்சும் பட்டையை மாமியார் ஒரு பெட்டி வாங்கி வந்திருக்கிறார். காலையில் உண்மையாகவே கறுத்திருக்கிறது. வீக்கத்துக்கு ஒட்டலாமா?

பதில்: ஒட்ட வேண்டாம். இந்தப் பட்டைகளில் பொதுவாக மரவினிகர்ப் பொடிதான் இருக்கும், வியர்வை பட்டால் அது கறுக்கும். 2009-இல் அமெரிக்க அரசு இத்தகைய பட்டை விற்றவர்கள்மீது பொய் விளம்பரத்துக்காக வழக்குத் தொடுத்தது. மாமியார் அக்கறையில் வாங்கியிருக்கிறார், அவரிடம் கோபப்படாதீர்கள். புதுப் பட்டை ஒன்றைத் தட்டில் வைத்து, சுடுதண்ணீர் ஆவியில் அவர் கண்ணெதிரே காட்டுங்கள். காலே படாமல் கறுக்கும். பிறகு பிரிக்காத பட்டைகளோடு ரசீதையும் எடுத்துக்கொண்டு இருவருமாகக் கடைக்குப் போங்கள்.