பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்த்தால் தங்கம் கிடைக்குமா?

தங்கம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எங்கே தங்கம் வெட்டினார்கள் என்பது ஓரளவு துல்லியமாகத் தெரியும். மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு காட்டில் சும்மா சுற்றுவதற்கு அது எவ்வளவோ மேல்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னில். லீவு கிடைத்தால் போவது டனோலி, மோலியாகுல் என்ற பழைய தங்க ஊர்கள் பக்கம். மோலியாகுல்தான் 1869-ல் ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' என்ற தங்கக் கட்டியை எடுத்த ஊர். எழுபது கிலோவுக்கு மேல், மரத்து வேர்களுக்கிடையில், மண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே! அந்தக் கதையைக் கேட்டுத்தான் பாதிப் பேர் டிடெக்டர் வாங்குகிறோம்.

நான் எடுத்துக்கொண்டது, ஆல்ஃபிரட் செல்வின் தலைமையில் இருந்த காலத்தில் விக்டோரியாவின் புவியியல் ஆய்வுத்துறை போட்ட 'குவார்ட்டர் ஷீட்' என்ற பாறை, மண் வரைபடம். மைலுக்கு இரண்டு அங்குலம். வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) ஓடும் கோடு, வெட்டிய பள்ளத்தாக்கு எல்லாம் அதில் இருக்கும். கூடவே நில எல்லைகளைக் காட்டும் பாரிஷ் பிளான். நம்மூர் கிராமப் படம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் ஸ்கேனும் இணையத்தில் இலவசம்.

முதல் தடவை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பொருத்தியபோது, பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் பொதுவான புள்ளிகளாக ஓடை வளைவுகளைப் பிடித்துக்கொண்டேன். திரையில் கச்சிதமாக உட்கார்ந்தது. போய்ப் பார்த்தால் குழி ஒன்றையும் காணோம். நாள் முழுக்க வேறொரு சரிவில் நடந்திருக்கிறேன். தங்கம் வெட்டினவர்கள் ஓடை மண்ணையே புரட்டிப் போட்டுவிட்டுப் போன நாடு இது. அன்றைய ஓடை இன்று அதே இடத்தில் எப்படி இருக்கும்?

அப்பா சர்வேயராக இருந்து ரிட்டையர் ஆனவர். வீடியோ காலில் சொன்னதும் சிரித்தார்: "ஏண்டா, ஓடையை வச்சு எவனாவது அளப்பானா? மொதல்ல எல்லைக்கல்லைப் புடி." பாரிஷ் பிளானில் நீளங்கள் லிங்க்ஸில் இருந்தன. எனக்குத்தான் அது புதிர். அவர் நம்மூர் பழைய எஃப்.எம்.பி.யில் (நில அளவைப் புத்தகம்) பார்த்துப் பழகியது. நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி. இங்கே பல ரோடுகளுக்கு ஒதுக்கிய அகலமே ஒரு சங்கிலிதான்.

அதனால் நில எல்லை முனைகளைப் பிடியுங்கள். அரசின் ஜியோவிக் தளத்தில் இன்றைய எல்லைகள் தெரியும், பல முனைகள் அன்று போட்டபடியே இருக்கின்றன. ஏழெட்டுப் புள்ளி போதும், ஆனால் ஒரே மூலையில் குவிக்காமல் படம் முழுக்கப் பரப்பி வையுங்கள். மென்பொருளில் 'தின் பிளேட் ஸ்பிளைன்' என்று படத்தை வளைத்துப் பொருத்தும் முறை ஒன்று உண்டு, அதன் பக்கம் போகாதீர்கள். அது ஒவ்வொரு புள்ளியையும் வலுக்கட்டாயமாக உட்காரவைத்துவிடும், பிழை பூஜ்யம் என்று காட்டும், தப்பாக வைத்த புள்ளி எது என்றே தெரியாது. படத்தை வளைக்காத சாதாரண முதல்படிப் பொருத்தத்தில் (பாலினாமியல் 1) எந்தப் புள்ளி முரண்டு பிடிக்கிறது என்று பார்த்து அதைத் தூக்கலாம்.

1960-களுக்குப் பிந்தைய ஆஸ்திரேலிய வரைபடத்திலிருந்து ஆயத்தொலை எடுத்தால் டேட்டம், அதாவது அந்த எண்களுக்கு அடிப்படையான அளவீட்டு முறை, எது என்று பாருங்கள். ஏஜிடி என்ற பழைய ஆஸ்திரேலிய டேட்டத்தின் எண்ணை அப்படியே இன்றைய ஜிபிஎஸ்ஸில் அடித்தால் சுமார் 200 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள்.

மறுபடி பொருத்திப் போனபோது, பழைய குழிகளிலிருந்து வாரிப்போட்ட மஞ்சள் களிமண் மேடுகள் வரிசையாக, படத்தில் இருந்த இடத்திலேயே இருந்தன. குறித்த இடத்தில் அவர்கள் விட்டுவைத்தது கொஞ்சம்தான். நான் தேடியது மேலே வெங்கச்சங்கல் கோட்டுக்கும் கீழே வெட்டின பள்ளத்துக்கும் நடுவில், படத்தில் ஒன்றுமே போடாத சரிவில். பாறை சிதைந்து தங்கம் கீழே இறங்கிவந்த வழி அது. இரண்டு நாளில் ஒரு டப்பா நிறைய துருப்பிடித்த ஆணி, ஈயக் குண்டு. கடைசியில், செம்மண் ஒட்டிக்கொண்டு, நெல்மணி அளவில் ஒரு துணுக்கு. அரை கிராம்கூட இல்லை. பெட்ரோல் காசு வராது.

விக்டோரியாவில் இதற்கு 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். பட்டா நிலம் என்றால் சொந்தக்காரர் சம்மதம், கைக்கருவி மட்டும், தோண்டிய குழியை மூட வேண்டும். நீலகிரியின் கூடலூர், பந்தலூரில் இதைச் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். விக்டோரியாவின் சுரங்கத்துறையை நடத்திய பிரஃப் ஸ்மித்தே 1879-ல் அங்கே போய் அறிக்கை எழுதியவர்தான். படம் பொருத்திப் பாருங்கள், சுவாரஸ்யமாக இருக்கும். தோண்டப் போகாதீர்கள்: அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம், பழைய சுரங்கத்தில் இறங்கி உயிரை விட்டவர்களும் உண்டு.

இங்கேயும் மூடாத குழிகள் உண்டு, சருகு மூடிக் கிடக்கும். போனில் படத்தைப் பார்த்தபடி நடக்காதீர்கள். நின்று பாருங்கள், பாக்கெட்டில் போட்டுவிட்டு நடங்கள்.