பழைய டேக்டவுன் ரீகர்வ் வில் வாங்கறவங்க கேள்விகளுக்கு பதில்

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். ரீகர்வ்னா நுனி முன்பக்கம் வளைஞ்ச வில்லு, டேக்டவுன்னா கழட்டி மாட்டறது: நடுவுல பிடிக்கற பாகம் ரைசர், மேலயும் கீழயும் வளையற ரெண்டு கையும் லிம்ப். பழைய டேக்டவுன்ல நீங்க காசு குடுக்கறது லிம்புக்கு. ரைசர் எவ்வளவு அழகா இருந்தாலும் சரி, அதுல இருக்கற பேர் எவ்வளவு பெருசா இருந்தாலும் சரி, லிம்ப் போச்சுன்னா வில்லு போச்சு.

மயூர் விஹார் அண்ணன்: அமெரிக்கால இருக்கற மச்சான் தீபாவளிக்கு வர்றாரு, 1970கள்ல வந்த ஹோய்ட் கம்பெனி டேக்டவுன் ஒண்ணு பார்த்து வச்சிருக்காரு, போட்டோல புதுசு மாதிரி இருக்கு. வாங்கிட்டு வரச் சொல்லவா? லிம்ப் கெட்டா இங்க புது லிம்ப் போட்டுக்கலாம்ல?

போட முடியாது அண்ணா, எல்லாரும் ஏமாறறது இந்த இடத்துலதான். இப்ப கடையில கிடைக்கற ஐ.எல்.எஃப் (லிம்ப மாட்டற பொது அளவு முறை) லிம்ப் எந்த கம்பெனி ஐ.எல்.எஃப் ரைசர்லயும் உக்காரும், ஆனா அந்த முறையே 1980கள்ல ஹோய்ட் கோல்ட் மெடலிஸ்ட்ங்கற வில்லோட வந்ததுதான், அதுக்கு முந்தின வில்லுங்கள்ல ஒவ்வொரு கம்பெனியும் தனக்குன்னு ஒரு போல்ட்டு, ஒரு பாக்கெட்டுன்னு வச்சிருந்தாங்க. பேர் (Bear) கம்பெனி டேக்டவுன் மட்டும் கொஞ்சம் தேவலாம், அத ஆரம்பிச்ச ஃப்ரெட் பேர் கொண்டுவந்த லாட்ச் (போல்ட் இல்லாம கொக்கி மாதிரி பூட்டற) முறையிலேயே இன்னைக்கும் லிம்ப் செய்யறாங்க. யமஹான்னா அந்த வழியும் இல்ல, 2002லயே வில்லு செய்யறத நிறுத்திட்டாங்க.

மச்சான்கிட்ட இப்படி சொல்லுங்க. நாண் ஏத்தின வில்ல மேல் லிம்ப் நுனி பக்கத்துலருந்து பார்த்து ஒரு போட்டோ, அடி லிம்ப் நுனியிலருந்து ஒண்ணு, நாண் லிம்ப் நடுவுலயே ஓடணும், ஒரு பக்கம் ஒதுங்குச்சுன்னா லிம்ப் முறுக்கிருக்கு. விக்கறவரு நாண் ஏத்தி காட்ட மாட்டேன்னா அதோட விட்டுடுங்க. நேர்ல பார்க்க முடிஞ்சா கொஞ்சம் பஞ்ச எடுத்து லிம்ப் ஓரம் முழுக்க மெதுவா இழுக்கச் சொல்லுங்க, எங்கயாவது ஒரு இழை மாட்டி நின்னுச்சுன்னா அங்க கிளாஸ் (லிம்ப் மேல ஒட்டியிருக்கற ஃபைபர் கிளாஸ்) மேல எழும்பிருக்கு, கண்ணுக்குத் தெரியாது, பஞ்சு காட்டிக் குடுத்துடும். நீளவாக்குல பாலிஷ்ல முடி மாதிரி கோடு இருந்தா பெரும்பாலும் பரவால்ல, குறுக்குவாக்குல கிளாஸ்ல கோடு இருந்தா வேணவே வேணாம். ரெண்டு லிம்புலயும் எழுதியிருக்கற நம்பர், நீளம், ட்ரா வெயிட் (இழுக்க வேண்டிய பலம், பவுண்டுல) மூணும் ஒத்துப் போகணும், ரெண்டு வில்லுலருந்து ஒவ்வொரு லிம்ப் சேத்து ஜோடின்னு விக்கறவங்க இருக்காங்க.

அப்பறம் ஸ்ட்ரிங்கர் (நாண் ஏத்த உதவற கயிறு) இல்லாம நாண் ஏத்தாதீங்க. கால் நடுவுல வில்ல விட்டு வளைச்சு ஏத்தறதுலதான் பாதி லிம்ப் முறுக்கிப் போகுது.

முனிர்கா தம்பி: 45 பவுண்டுன்னு போட்டிருக்கு, நான் புதுசு, ஜிம் போறேன், இழுத்துடுவேன்.

இழுக்கறது வேற, நிறுத்திப் பிடிக்கறது வேற தம்பி. 20லருந்து 26 பவுண்டுக்குள்ள ஆரம்பி. லிம்புல எழுதியிருக்கறது 28 இன்ச் இழுப்புக்கு, உன் இழுப்பு 30ன்னா 45 கிட்டத்தட்ட 50 ஆயிடும். முதல்ல 2010 காமன்வெல்த்ல வில்வித்தை நடந்த யமுனா ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ் மாதிரி இடத்துல ஒரு கோச்கிட்ட போய் கத்துக்கோ.

ஆர்.கே.புரம் சார்: விலை எவ்வளவு குடுக்கலாம்?

லிம்ப் போட்டோ இல்லாம விலை சொல்ல மாட்டேன் சார்.

துவாரகா அக்கா: கூட வந்த பழைய நாணயே போட்டுக்கவா?

வேணாம் அக்கா, தூக்கிப் போடுங்க. புதுசா டேக்ரான் பி-50 நூல்ல செஞ்சது வாங்குங்க. வில்லு 66 இன்ச்னா நாண் 62லருந்து 63 இன்ச் வரும். ஃபாஸ்ட் ஃப்ளைட்னு வர்ற நீளாத நூல் நாண் மட்டும் வேணாம், பழைய லிம்ப் நுனி அதுக்காக செஞ்சது இல்ல.

ரோஹிணி சார்: இது சும்மா பயமுறுத்தறது. நான் ரொம்ப வருஷமா என் பழைய வில்லுல ஃபாஸ்ட் ஃப்ளைட்தான் போடறேன், ஒண்ணும் ஆகல. வேகமும் கூட.

உங்க வில்லு தாங்குதுன்னா சந்தோஷம் சார், ஆனா அத வச்சு அக்காவுக்கு சொல்லாதீங்க. டேக்ரான் கொஞ்சம் நீளும், அம்பு போனதும் மிச்சம் இருக்கற அதிர்ச்சிய அது வாங்கிக்கும். ஃபாஸ்ட் ஃப்ளைட் கிட்டத்தட்ட நீளவே நீளாது, லிம்ப் டக்குன்னு நிக்கும், அந்த அடி முழுக்க நுனியில போய் விழும். அந்தக் காலத்து நுனியில பலத்துக்கு ஒட்டியிருக்கற மேல் பட்டை, ஓவர்லே, மெல்லிசு, நாண் முனையில இருக்கற மெல்லிசு லூப் (வளையம்) அத அறுத்துக்கிட்டே போகும்.

ரோஹிணி சார்: லூப்ப தடிமனா பேட் பண்ணிப் போட்டா அறுக்காதே.

அறுக்கறது குறையும், ஒத்துக்கறேன். ஆனா அடி குறையாது, ஒட்டுன ஐம்பது வருஷப் பசை அந்த அடிய வாங்கிக்கிட்டுதான் இருக்கும். இதுல கிடைக்கற வேகத்துக்காக திரும்ப வாங்க முடியாத லிம்ப பணயம் வைக்கறதா?

சாகேத் தம்பி: என் மாமாவோட வில்லுல நுனி பிளந்ததே ஃபாஸ்ட் ஃப்ளைட்டாலதான்!

தம்பி, அதையும் அப்படியே எடுத்துக்க முடியாது. டேக்ரான் போட்ட வில்லும் பிளக்கும், யாராவது அம்பு வைக்காம இழுத்து விட்டிருந்தா போதும். கைக்கு வந்த வில்ல யார் பார்த்தாலும் முதல்ல செய்யறது அதுதான், வெறும் நாண இழுத்து டொய்ங்னு விடுவாங்க. விடாதீங்க, விட விடாதீங்க. ரோஹிணி சார், நீங்க சொல்றது நடக்கவே நடக்காதுன்னு நான் சொல்லல, கம்பெனி அதுக்குன்னு செஞ்ச லிம்பா இருந்தா தாராளமா போடுங்க. பழசுக்கு டேக்ரான்தான், இதுல நான் மாற மாட்டேன்.

குர்கான் நண்பர்: பண்ணை வீட்டுப் பக்கம் நீல்காய் வருது, இந்த வில்லு போதுமா?

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. இதுக்கு இங்க பதில் கிடையாது.

கரோல் பாக் தம்பி: ஸ்டெபிலைசர் (வில்லு ஆடாம இருக்க முன்னாடி மாட்டற ராடு) மாட்டலாமா, போல்ட் தொலைஞ்சிருக்கு.

ரைசர்ல புஷ்ஷிங் (ராட முறுக்கற த்ரெட் ஓட்டை) இருந்தா மாட்டலாம், வழக்கமான த்ரெட் அளவு 5/16-24, இப்ப வர்ற ராடும் அதேதான். லிம்ப் போல்ட் தொலைஞ்சிருந்தா மட்டும் ஹார்டுவேர் கடையில கிடைச்ச மில்லிமீட்டர் போல்ட்ட முறுக்கி ஏத்தாத, அமெரிக்க வில்லு இன்ச் த்ரெட், ரைசர் த்ரெட்டே போயிடும்.

வசந்த் குஞ்ச் அக்கா: லிம்ப் கெட்டா வேற கம்பெனி லிம்ப் போடலாமா?

மேல மயூர் விஹார் அண்ணனுக்கு சொன்னதுதான் அக்கா.

நொய்டா சார்: விலை எவ்வளவு இருக்கும்?

லிம்ப் போட்டோ.

ஷாலிமார் பாக் சார்: கஸ்டம்ஸ் எவ்வளவு போடுவாங்க?

அது என் ஏரியா இல்ல சார், கஸ்டம்ஸ் ஏஜென்ட்ட கேளுங்க.

முனிர்கா தம்பி: அண்ணா, வில்லு வாங்கிட்டா வண்டியிலயே வச்சுக்கலாமா, ரேஞ்சுக்கு அப்படியே போயிடலாம்.

மே ஜூன்ல மூடுன கார்ல டெல்லி வெயில் என்ன பண்ணும்னு உனக்கே தெரியும், லிம்ப்ல இருக்கற பசை சூட்டுக்கு இளகும், முறுக்கும் அப்பதான் வரும். டேக்டவுன் தானே தம்பி, கழட்டி பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு போ, நாண இறக்கி வை, சுவத்துல சாய்ச்சு வைக்காத, படுக்க வை. அம்பும் ரொம்ப லேசா வாங்காத, வில்லோட ஒரு பவுண்டுக்கு அம்பு எடை 8 கிரெய்னுக்கு (அம்ப எடை போடற சின்ன அளவு) கீழ போனா அதுவும் வெறும் நாண் விடற மாதிரிதான் லிம்புக்கு.

இனிமே விலை கேக்கறவங்க நாண் ஏத்தின போட்டோ ரெண்டு, லிம்ப் எழுத்து தெரியற போட்டோ ஒண்ணு அனுப்புங்க, பார்த்து சொல்றேன்.