ஓடுகிற பில் மென்பொருளை ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி: திருகோணமலையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். 2012இல் செய்வித்த பில் மென்பொருள் விண்டோஸ் 7 கணினியில் இன்னும் ஓடுகிறது. செய்து தந்த தம்பி வெளிநாடு போய்விட்டார். மகன் மாற்றச் சொல்கிறான். அவசியமா?

பதில்: பழசு என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். நாளைக்கு அதில் ஒரு திருத்தம் தேவைப்பட்டால் யார் செய்வார் என்று யோசியுங்கள். வற் வரி 2022இல் 8 வீதத்திலிருந்து 12 ஆனது, அதே வருடம் 15, 2024 ஜனவரியில் 18. நீங்கள் வற் பதிவு உள்ளவராக இருந்தால், அந்த நேரங்களில் எப்படிச் சமாளித்தீர்கள்? வீதத்தை நீங்களே மாற்ற முடிந்திருந்தால் சரி. கல்குலேட்டரில் தட்டி, பில்லின் அடியில் பேனையால் எழுதியிருந்தால் அதன் காலம் அப்போதே முடிந்துவிட்டது. மேசன்மாரின் கடன் கணக்கு லாச்சிக்குள் கொப்பியில் கிடந்தாலும் அப்படித்தான்.

விண்டோஸ் 7க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன. இணையம் இல்லாமல் பில்லுக்கு மட்டும் பாவித்தால் அவசரம் குறைவு. வங்கி வேலையும் அதிலேயே என்றால் இன்றே வேறு கணினிக்கு மாற்றுங்கள்.

எனக்குக் கூடுதல் கவலை உள்ளே இருக்கும் தரவைப் பற்றித்தான். பொருட்பட்டியலை எக்செலுக்கு எடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் தமிழ்ப் பெயர்களைப் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் அடித்தார்கள். அதில் திரையில் தெரிவதுதான் தமிழ், உள்ளே பதிவது ஆங்கில எழுத்து. அப்படியானால் கோழிவலையில் உள்ள ‘வலை’, tiy என்று மூன்று ஆங்கில எழுத்தாக வரும். பதற வேண்டாம், தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் ஆங்கிலத்தில் அடித்த தண்ணீர் மோட்டர் மொடல் பெயர்களையும் அவை சேர்த்துத் தமிழாக்கிவிடும். சாமான் தெரிந்த ஒருவர் வரி வரியாகப் பார்க்கத்தான் வேண்டும்.

எக்செலுக்கு எடுக்கவே வழியில்லை என்றால் தாமதிக்காதீர்கள். வன்தட்டு பழுதானால் உங்களுக்கு வரவேண்டிய கடன் விபரமும் அதோடு போய்விடும். இந்தக் கிழமையே தரவுக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து, வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பாருங்கள்.

மாரி மழையில் கட்டட வேலை குறையும் நாட்களில் பட்டியலைத் திருத்துங்கள். மார்ச் 31 இருப்பு எண்ணி, கணக்காண்டு தொடங்கும் ஏப்ரல் 1இல் மாறுங்கள். முதல் சில நாள் மாலையில் பழையதிலும் பதிந்து, மொத்தம் ஒத்துப்போகிறதா பாருங்கள். அப்புறம், எந்த நேரமும் முழுத் தரவையும் எக்செலில் எடுக்க முடியும் என்று புதிய மென்பொருள்காரரிடம், முற்பணம் கொடுக்க முன்னரே, எழுத்தில் வாங்குங்கள்.